எஞ்சின் செய்த பிறகு ஏன் சூடேறுகிறது?

(பூண்டுலோயாவில் சாரதிகளும் கராஜ் தொழிலாளர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தந்த தலைப்பு ‘வாகனப் பராமரிப்பு’. அதற்குள் இறங்கினால் இன்றைக்குக் கரையேற மாட்டோம். தலவாக்கலைக்குப் போகும் கடைசி பஸ்ஸும் போய்விடும். ஆகவே ஒரேயொரு நோயை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எஞ்சினை இறக்கி, முழுதாகக் கழற்றி, போர் அடித்து, புது பிஸ்டன், புது ரிங், புது பெயரிங் எல்லாம் போட்டுப் பூட்டிய கெப் ஒன்று, வீட்டுக்கு வந்த கிழமையே கொதிக்கத் தொடங்குகிறதே, அந்த நோய்.

இது இப்போது அதிகமாகக் கண்ணில் படுவதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் புதிதாக வாங்க வழியில்லாமல், இருந்ததைச் செய்து ஓட்டினார்கள். வழி திறந்த பிறகும், வரியோடு சேர்த்து விலையைக் கேட்டவர்கள் பேசாமல் திரும்பி வந்து இருந்ததையே செய்கிறார்கள். முப்பது வருடத்து ஹைலக்ஸும் எல் 200உம் இன்றைக்கும் லீக்ஸும் கரட்டும் உரமும் ஏற்றிக்கொண்டு இந்த மேடுகளில் ஏறுகின்றன என்றால், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கும் இங்கேயுள்ள பாஸ்மாரின் கைகளுக்கும் அந்தப் பெருமை சேரும். அந்த மரியாதையோடுதான் பேசுகிறேன். குறை சொல்லும் இடங்களில் கோபப்படாதீர்கள்.

ஒரு கெப்பை மனதில் வைத்துக்கொள்வோம். டொயோட்டா ஹைலக்ஸ், 2எல் டீசல் எஞ்சின், 2446 சீசீ. சொந்தக்காரர் மரக்கறி பயிரிடுகிறவர். ஒயில் குடிக்கிறது, நீலப் புகை கக்குகிறது என்று எஞ்சினைச் செய்தார். லட்சக் கணக்கில் செலவு. டன்சினன் பக்கமாக நுவரெலியா போகும் பாதையில் முதல் சுமையோடு ஏறுகிறார். பாதி மேட்டில் சூட்டு மீற்றரின் முள் நடுவைத் தாண்டுகிறது, அடுத்த வளைவில் சிவப்பைத் தொடுகிறது. திரும்பி வந்து கராஜில் கேட்டால், “புது எஞ்சின், இறுக்கமா இருக்கு, ஓட ஓடச் சரியாகும்” என்கிறார்கள். ஓட்டினார், சரியாகவில்லை. ரேடியேட்டரை மாற்றினார்கள். பிறகு வோட்டர் பம்ப். பிறகு தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் காசு போனது, முள் இறங்கவில்லை. கடைசியில் திருஷ்டி என்று சொல்லித் தேங்காய் உடைத்தார்கள்.

இந்தக் கதையில் எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. எல்லோரும் எந்தப் பாகம், எந்தப் பாகம் என்றே யோசித்தார்கள். எந்த நேரத்தில் சூடேறுகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் இன்றைக்குச் சொல்ல வந்தது அவ்வளவுதான். ஸ்பானரை எடுப்பதற்கு முன் ‘எப்போது?’ என்று கேளுங்கள். செய்வதற்கு முன் இல்லாத சூடு செய்த பிறகு வந்திருந்தால், செய்தபோது கை பட்ட இடங்களில் முதலில் தேடுங்கள். ரேடியேட்டர் பாவம், பெரும்பாலும் அது இருந்த இடத்திலேயே இருந்தது.

முதலில் இந்த ‘இறுக்கம்’ என்ற பேச்சைத் தீர்த்துவிடுவோம். புது ரிங் சிலிண்டர் சுவரோடு பழகும்வரை உராய்வு கூடுதல்தான். முதல் சில நூறு கிலோமீற்றர் முள் வழமையைவிட ஒரு மயிரிழை மேலே நிற்கலாம். சிவப்பைத் தொடாது. சிவப்பைத் தொடும் அளவுக்கு இறுக்கம் இருந்தால், பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவே விட்ட இடைவெளி போதவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட எஞ்சின் ஓட ஓடச் சரியாகாது. ஓட ஓடப் பிடித்துக்கொள்ளும். சோதிப்பதும் எளிது. நன்றாகச் சூடான எஞ்சினை நிறுத்திவிட்டு உடனே ஸ்டார்ட் செய்து பாருங்கள். பெற்றரி நல்லதாக இருந்தும், குளிரில் சுற்றியதைவிட ஸ்டார்ட்டர் திணறிச் சுற்றினால் இறுக்கம் உண்மை. தாராளமாகச் சுற்றினால் அந்தச் சாக்கு செல்லாது.

இனி, சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஒரு லீற்றர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாஜூல் சக்தி இருக்கிறது. சுமையோடு மேடேறும் கெப் ஒன்று மணிக்குப் பத்து லீற்றர் வேகத்தில் எரிக்கிறது என்றால், உள்ளே நூறு கிலோவாட் வெப்பம் பிறக்கிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சில்லைச் சுற்றுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகப் போகிறது. மிச்சம், முப்பது கிலோவாட் அளவில், தண்ணீருக்கும் ஒயிலுக்கும் வந்து சேர்கிறது. ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டி முப்பதைப் பற்றவைத்து பொனட்டுக்குள் அடுக்கியது போல. இத்தனை வெப்பத்தையும் அந்தச் சிறிய ரேடியேட்டர் நிமிடத்துக்கு நிமிடம் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மேட்டில் இரண்டாம் கியரில் ஊர்ந்து போகும்போது எதிர்க்காற்றும் கிடையாது. பேன் தருவதுதான் காற்று.

இந்தப் பிரச்சினை வாகனம் பிறந்த அன்றே பிறந்தது. 1888 ஆகஸ்ட்டில், கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியை அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், மகன்மார் இருவரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைம்வரை நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிப் போனார். அந்த வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகித்தான் எஞ்சின் குளிர்ந்தது. வழியெல்லாம் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார்கள். மேடு வந்த இடங்களில் இறங்கித் தள்ளினார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து, 1900இல், வில்ஹெல்ம் மேபாக் தேன்கூட்டு ரேடியேட்டரைக் கொண்டுவந்தார். 35 குதிரைவலு மெர்சிடிஸில் பூட்டிய அந்த ரேடியேட்டரில் 8,070 சிறு குழாய்கள். தண்ணீரைக் கூட்டாமல் காற்றுப் படும் பரப்பைக் கூட்டினார். இன்றைக்கும் நமது ரேடியேட்டர் செய்வது அதே வேலை. சேறும் இலைத் தூளும் அந்தக் கண்களை அடைத்துவிட்டால் பெர்த்தா காலத்துக்கே திரும்பிவிடுகிறோம். ஏ.சி. பூட்டிய கெப்களில் முன்னால் நிற்கும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே என்ன சேர்ந்திருக்கிறது என்று விளக்கடித்துப் பாருங்கள். எஞ்சின் வெளியில் இருக்கும்போதே கழுவியிருக்க வேண்டிய இடம் அது.

மலையில் இன்னொரு சங்கதி உண்டு. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். ஏறத்தாழ 300 மீற்றர் ஏறினால் ஒரு பாகை குறையும். நுவரெலியா 1868 மீற்றர். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரில் அப்படிக் கொதிக்காததற்குக் காரணம் அதன் மூடி. 0.9 என்று அடித்த மூடி உள்ளே அந்த அளவு அழுத்தத்தைத் தேக்கி வைக்கும். அப்போது கொதிநிலை கொழும்பில் ஏறத்தாழ 119, நுவரெலியாவில் 115. மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் நிற்காவிட்டால் 115 என்பது 94க்கு விழுந்துவிடும். 88 பாகை தெர்மோஸ்டாட் அப்போதுதான் பாதி திறந்துகொண்டிருக்கும். எஞ்சினில் எந்தக் கோளாறும் இல்லாமலே தண்ணீர் பொங்கி வெளியே ஊற்றும். கொழும்பில் செய்து ஓட்டிப் பார்த்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்று அனுப்பிய கெப் இங்கே வந்து கொதிப்பதற்கு இது ஒரு காரணம். லட்சங்களைப் போட்டு எஞ்சினைச் செய்துவிட்டுப் பழைய மூடியையே திருகுகிற வழக்கத்தை விட வேண்டும். முழு வேலையிலும் அதுதான் மலிவான சாமான்.

சரி, இப்போது ‘எப்போது’ என்ற கேள்விக்கு வருவோம்.

காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த இரண்டொரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் பைப் கல்லாக இறுகுகிறதா? தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. ஆகவே அந்த அழுத்தம் நீராவியால் வந்ததல்ல. சிலிண்டருக்குள் எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகுகிறது. இராத்திரி முழுதும் குளிர்ந்த எஞ்சினின் மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று காற்று வந்தாலும் அதே சந்தேகம்தான். உறுதி செய்ய ஒரு வழி உண்டு. குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டரை வாய்வரை நிரப்புங்கள். வோட்டர் பம்பைச் சுற்றும் பெல்ட்டைக் கழற்றுங்கள். மூடி போடாமல் ஒரேயொரு நிமிடம் ஓடவிடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். தண்ணீர் அசையாமல் கிடக்க வேண்டும். குமிழி விடாமல் வந்தால் கெஸ்கட்டோ ஹெட்டோ பிளொக்கோ வாயுவை விடுகிறது. இதற்கென்றே நீல நிறத் திரவம் ஒன்று விற்கிறார்கள். ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை அதற்குள் இழுத்தால், கரியமில வாயு இருக்கும்போது நீலம் மஞ்சளாக மாறும். கராஜ் வைத்திருப்பவர்கள் ஒன்று வாங்கி வைத்தால் எத்தனையோ வாய்ச்சண்டை மிச்சமாகும்.

புதுக் கெஸ்கட் எப்படி வாயுவை விடும் என்று கேட்பீர்கள். இங்கேதான் கை பட்ட இடம் வருகிறது. ஹெட்டை லேத்தில் கொடுத்து ஸ்கிம் பண்ணினீர்கள். பிளொக்கின் மேல்முகத்தில் நேர்கோல் வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தீர்களா? கையேடு தரும் எல்லையைத் தாண்டிய வளைவைக் கெஸ்கட் பொறுக்காது. ஹெட் போல்ட் போகும் குருட்டுத் துளைகளில் ஒயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால், போல்ட் அடியில் அந்தத் திரவத்தை நசுக்கிக்கொண்டு நிற்கும். டோர்க் ரெஞ்ச் ‘டிக்’ என்று சொல்லும், ஹெட் இறுகியிருக்காது. சில வேளை பிளொக்கே வெடிக்கும். கோண அளவில் இறுக்கும் போல்ட்கள் ஒருமுறை இழுபட்டவை. அவற்றைத் திரும்பப் போடுவது சூதாட்டம். இறுக்கும் ஒழுங்கு நடுவிலிருந்து வெளியே போக வேண்டும், படிப்படியாகப் போக வேண்டும். இதெல்லாம் தெரிந்த விஷயம்தான். பின்னேரம் ஐந்து மணிக்கு, வாகனக்காரர் வாசலில் நிற்கும்போது, தெரிந்த விஷயமும் கைவிட்டுப் போகிறது.

ஹெட் வெடிப்பு வேறு. டேர்போ பூட்டிய 2எல்-டி எஞ்சின்களின் ஹெட் வெடிப்பது உலகம் முழுக்கப் பேர்போன சங்கதி. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பை ஸ்கிம் பண்ணி எடுக்க முடியாது. ஹெட்டின் தண்ணீர் வழிகளை அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, சுடுதண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. ஒருமுறை கொதித்த ஹெட்டை அந்தச் சோதனை இல்லாமல் திரும்பப் பூட்டவே கூடாது என்பது என் கட்சி.

அடுத்தது, நான் அதிகம் சொல்ல விரும்புவது. சமவெளியில் ஒரு கரைச்சலும் இல்லை, ஹோஸ் இறுகவில்லை, குமிழி இல்லை, ரேடியேட்டர் சுத்தம், பேன் சரி. மேட்டில் ஏறும்போது மட்டும் முள் மெல்ல மெல்ல ஏறுகிறது. இந்த இடத்தில் ஹெட் கெஸ்கட்டின் ஓட்டைகளைப் பற்றி யோசிக்க வேண்டும். வோட்டர் பம்ப் பிளொக்கின் முன்பக்கத்தில் தண்ணீரைத் தள்ளுகிறது. அந்தத் தண்ணீர் பிளொக்கின் பின்முனைவரை போய், அங்கே மேலேறி, ஹெட்டின் வழியாக முன்னுக்கு வர வேண்டும். அப்படிப் போக வைப்பது கெஸ்கட்தான். பல எஞ்சின்களில் அதன் முன்பக்க ஓட்டைகள் சிறியவை, பின்பக்கத்தவை பெரியவை. பிளொக்கில் ஓட்டை பெரிதாக இருக்கும், கெஸ்கட்டில் வேண்டுமென்றே சிறிதாக்கியிருப்பார்கள். இதைப் பிழையென்று நினைத்துக் கத்தியால் பெரிதாக்கியவர்களும் உண்டு. முன் ஓட்டை பெரிதானால் தண்ணீர் அங்கேயே மேலேறித் திரும்பிவிடும். நான்காவது சிலிண்டர் வெந்துகொண்டிருக்கும்.

அமெரிக்க ஃபோர்டு வி8 எஞ்சின்களின் ஹெட் கெஸ்கட்டில் எந்த முனை முன்னுக்கு வர வேண்டும் என்று எழுத்தாகவே அடித்திருப்பார்கள். இருந்தும் ஒரு பக்கத்துக் கெஸ்கட்டை மாற்றிப் போட்டுவிட்டு, புது எஞ்சின் ஏன் கொதிக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வது அங்கே பழைய கதை. நமது நான்கு சிலிண்டர் டீசல்களில் திருப்பிப் போடுவது கடினம். ஒயில் ஓட்டை காட்டிக்கொடுத்துவிடும். நம்மிடம் நடப்பது இனம் மாறுவது. டொயோட்டாவின் இந்தக் குடும்பத்தில் எல் எஞ்சினின் போர் 90 மில்லிமீற்றர், 2எல் 92, 3எல் 96, 5எல் 99.5. கெஸ்கட்டைச் சுவரில் தொங்கவிட்டுப் பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். கடைக்காரர் பெட்டியைப் பார்த்துத் தருகிறார், நாம் பெட்டியைப் பார்த்து வாங்குகிறோம். அதோடு டீசல் கெஸ்கட்கள் தடிப்பிலும் வேறுபடும். பிஸ்டன் பிளொக்குக்கு மேலே எவ்வளவு நீட்டுகிறது என்று டயல் கேஜால் அளந்து, அதற்கேற்ற தடிப்பை ஓரத்துக் குறியைப் பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டும். புதுக் கெஸ்கட்டைப் பழையதன் மேல் வைத்து, பிறகு பிளொக்கின் மேல் வைத்து, ஓட்டைக்கு ஓட்டை பார்க்கப் பத்து நிமிடம் போதும். மலிவான போலிகளில் சில ஓட்டைகளே இருப்பதில்லை என்பதும் அப்போது தெரியவரும்.

மேட்டில் மட்டும் வரும் சூட்டுக்கு இன்னொரு வாசல் டீசல் பம்ப். டைமிங் பெல்ட் ஒரு பல் மாறினாலும், பம்பைக் கண்மட்டத்தில் பூட்டினாலும், டீசல் பிந்தி விழக்கூடும். பிந்தி விழுந்தது பிந்தி எரியும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பம் சுவருக்கும் சைலன்சருக்கும் போகும். இழுவை குறைவு, காலையில் வெள்ளைப் புகை, மேட்டில் முள் ஏறுதல் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் ரேடியேட்டரைத் தொடாதீர்கள், பம்ப் டைமிங்கை டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். ‘செய்ததோடு இழுவையும் கொஞ்சம் கூட்டிக் கொடுங்க பாஸ்’ என்று கேட்டுப் பம்ப் திருகைத் திறந்துவிடுவது இன்னொரு வினை. நுவரெலியா உயரத்தில் காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. டேர்போ இல்லாத எஞ்சினுக்குக் காற்று குறைந்துவிட்டது. அதற்கு மேல் டீசலையும் கூட்டினால் கறுப்புப் புகையும் சூடும் தவிர வேறென்ன வரும்?

நகரத்தில், பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் நிற்கும்போது சூடேறி, ஓடத் தொடங்கியதும் இறங்குகிறதா? காற்றுப் பிரச்சினை. பேனைத் திருப்பிப் பூட்டியிருக்கிறார்களா, பேனைச் சுற்றியிருந்த கவசம் கராஜ் மூலையில் கிடக்கிறதா, விஸ்கஸ் பேனின் சிலிக்கன் ஒயில் கசிந்து அது சும்மா சுற்றுகிறதா என்று பாருங்கள்.  ஆக்சிலேட்டரை அழுத்தும்போது கீழ் ஹோஸ் சப்பையாகிறதா என்பதையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள். சப்பையானால், பழைய ஹோஸின் உள்ளே இருந்த கம்பிச் சுருளைப் புதியதில் போட மறந்திருப்பார்கள்.

முள் ஒரு நிலையில் நிற்காமல் தாவித் தாவி ஏறி இறங்கினால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. எஞ்சின் செய்தவுடன் வருகிற சூட்டில் இதுதான் அதிகம், இதுதான் செலவில்லாதது. நமக்கு இதில் ஒரு வசதி. மேட்டுக்குப் பஞ்சமே இல்லை. கெப்பின் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்திக் கட்டை போடுங்கள். ரேடியேட்டர் வாய் உயரத்துக்கு வந்துவிடும். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் திறந்து வையுங்கள். மூடியைத் திறந்தபடி மெதுவாக ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். தண்ணீர் சட்டென்று கீழே இறங்கும், மறுபடி நிரப்புங்கள். தெர்மோஸ்டாட்டின் ஓரத்தில் சின்னக் குண்டூசி ஆடும் ஓட்டை ஒன்று இருக்குமே, அது மேலே வருகிறபடி பூட்டியிருந்தால்தான் காற்று வெளியேறும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதைப் பற்றி ஒரு வார்த்தை. பல ஜப்பானிய எஞ்சின்களில் அதற்கு இரட்டை வேலை. ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும்போதே, கீழேயுள்ள தட்டால் குறுக்கு வழியை அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள் சுற்றும். சமவெளியில் குளிரக் குளிர ஓடும் எஞ்சின், மேட்டில் கொதிக்கும். சந்தேகம் என்றால் ஒரு பானைத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கி, அதில் அடித்திருக்கும் பாகையில் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் திரும்பப் பூட்டுங்கள். திறக்காவிட்டால் புதிதாக வாங்குங்கள். மூன்றாவது வழி இல்லை.

இன்னும் ஒன்று: சூடே இல்லாத சூடு. இரவில் ஹெட்லைட் போட்டதும் முள் ஏறி, அணைத்ததும் இறங்குகிறதா? எஞ்சினுக்கும் சசிக்கும் நடுவே போகும் ஏர்த் வயரைப் பூட்ட மறந்துவிட்டார்கள், அல்லது பெயின்ட் மேல் பூட்டிவிட்டார்கள். இறக்கத்தில், காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்த பிறகும் முள் ஏறினால் அங்கேயும் மீற்றரை முதலில் சந்தேகியுங்கள். அந்த நேரத்தில் டீசலே எரியவில்லை, சூடு எங்கிருந்து வரும்? பிறகு தண்ணீர் மட்டத்தையும் பாருங்கள். உண்மையான சூட்டை அறிய, தொடாமலே அளக்கும் தேர்மோமீற்றரைத் தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் காட்டினால் போதும். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே காட்டிய கருவி வீட்டில் இருக்கிறதே என்று எடுத்து வராதீர்கள். மனிதக் காய்ச்சலுக்கு மேல் அதற்கு எண்ண வராது.

சாரதிமாருக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கொதித்த வண்டியை ஓரம் கட்டி, மூடியைத் திறந்து, பீலித் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவது நமது பாதைகளில் அன்றாடக் காட்சி. மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் போய், உள்ளே இருப்பது ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். மலைப் பீலியின் குளிர்ந்த தண்ணீர் தீயாய்க் கிடக்கும் ஹெட்டில் பட்டால் வெடிப்பு நிச்சயம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வெடித்த ஹெட்களில் பலவற்றின் கதை இப்படித்தான் தொடங்கும். அரை மணித்தியாலம் பொறுங்கள். கொழுந்து வாடினாலும் பரவாயில்லை.

தண்ணீரைப் பற்றியும் கேட்பார்கள். நமது மலைத் தண்ணீர் யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் போலச் சுண்ணாம்பு படியவிடாது. அதனால் அது போதும் என்று நினைக்கக் கூடாது. வெறும் தண்ணீர் இரும்பு பிளொக்கைத் துருப்பிடிக்க வைக்கும், அலுமினிய ஹெட்டை அரிக்கும். எஞ்சின் செய்யும்போது கிளறப்பட்ட துரு முழுவதும் முதல் கிழமையில் ரேடியேட்டர் குழாய்களுக்குள் போய்ச் சேரும். அளவுக்கு மிஞ்சிப் பூசிய சிலிக்கனும் உள்ளே பிதுங்கி, துண்டுதுண்டாக உடைந்து அதே இடத்தை அடைக்கும். ஆகவே முதல் சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் தண்ணீரை இறக்கிக் கழுவி, கூலண்ட் பாதியும் சுத்தமான தண்ணீர் பாதியுமாக நிரப்புங்கள். கசிவை அடைக்க மஞ்சள் தூள் போடும் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். 2020இல் மஞ்சள் இறக்குமதி நின்று விலை மலையேறியபோது ரேடியேட்டர்களுக்கு ஒரு நல்ல காலம் வந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தொழில் பழகும் தம்பிமாருக்கு: அளக்கும் கருவிகளை வாங்குங்கள். நேர்கோல், ஃபீலர் கேஜ், டயல் கேஜ், டோர்க் ரெஞ்ச். ஹட்டன் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையத்திலோ ஜேர்மன் டெக்கிலோ படிக்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டாலும், நல்ல பாஸ் ஒருவரிடம் நின்றால் அவர் காதால் கேட்டே சொல்லும் கோளாறுகளைக் கற்றுக்கொள்வீர்கள். ஆனால் ஹெட்டின் வளைவைக் காதால் கேட்க முடியாது.

வாகனம் வைத்திருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது. எஞ்சின் செய்யக் கொடுக்கும்போதே, கழற்றிய பழைய ஹெட் கெஸ்கட், தெர்மோஸ்டாட், ஹோஸ் எல்லாவற்றையும் எறியாமல் ஒரு உரப் பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். பிஸ்டன் நீட்டம், பிளொக் வளைவு, பம்ப் டைமிங் என்ற மூன்று அளவையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வாங்குங்கள். சூடேறினால் எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்தக் கியரில் என்று குறித்துக்கொண்டு போங்கள். பாஸ்மாரே, அந்தக் கடதாசியைக் கேட்பவரை உங்களைச் சந்தேகிப்பவராக எண்ண வேண்டாம். எழுதிக் கொடுங்கள்.